பனிக்காலத்து விதைநெல்

குளிர்காலக் காலைகளில் ரொறன்ரோ வானொலி இரண்டு எண்களைச் சொல்லும். முதலாவது வெப்பநிலை. இரண்டாவது வின்ட்சில், அதாவது காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர். வெப்பநிலை மைனஸ் 12 என்றால், மணிக்கு 25 கிலோமீற்றர் காற்றில் வின்ட்சில் மைனஸ் 21 ஆகிவிடும். பல வருசமாக நான் இரண்டாவதை மட்டுமே காதில் வாங்கினேன். ஓடப் போகாமல் போர்வைக்குள் கிடப்பதற்கு அதைப்போல நல்ல சாட்டு வேறு இல்லை.

அந்த எண் வந்த கதையைப் பிறகுதான் படித்தேன். பழைய கணக்கு 1940களில் அண்டார்ட்டிக்காவில் போட்டது. பிளாஸ்ரிக் உருளைக்குள் இருந்த தண்ணீர் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். மனிதத் தோல் தண்ணீர்ப் போத்தல் அல்ல என்பதால் 2001இல் அந்தக் கணக்கை மாற்றினார்கள். அதற்கான பரிசோதனை நடந்தது இதே ரொறன்ரோவில், பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில். பன்னிரண்டு பேரைக் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்தார்கள். இன்றைய சூத்திரமும் மணிக்கு 4.8 கிலோமீற்றர் வேகத்தில் நடந்து போகும் ஒருவரை வைத்தே எழுதப்பட்டது. நடக்காமல் இருக்க நான் சொல்லிவந்த காரணம், யாரோ நடந்து கொடுத்த எண்!

நான் ஓடத் தொடங்கியது நாற்பத்தேழு வயதில். இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகு. ஸ்காபரோவில் ஹைலன்ட் கிறீக் ஓரமாக நல்ல பாதை இருக்கிறது. சித்திரை முதல் ஐப்பசி வரை அதில் ஓடினேன். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. டிசம்பர் நடுவில் மாலை ஐந்து மணி ஆகுமுன்னே சூரியன் போய்விடுகிறது. காலை ஏழரைக்கும் வருவதில்லை. ஓட்டம் நின்றது. நின்றது என்று நான் முடிவு செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, ஒரு நாள் சப்பாத்தைத் தேடும்போது அது நிலவறையில் பழைய சூட்கேசுக்குப் பின்னால் கிடந்தது. ஏப்ரல் வந்ததும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கினேன். இப்படி ஐந்து வருசம். ஐந்து தரம் ஒரே வாய்ப்பாட்டைப் படித்து, ஐந்து தரமும் மறந்த பிள்ளை மாதிரி.

இடையில் ஜனவரி 2ஆம் திகதி ஜிம்மில் சேரும் சடங்கும் உண்டு. அதை விபரிக்கத் தேவையில்லை. வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் காசு கட்டியிருப்பீர்கள்.

ஆறாவது குளிர்காலத்தில் எனக்கு வீரம் வந்தது. எந்தக் குளிரென்றாலும் ஓடுவேன், ஒரு நாளும் விடமாட்டேன் என்று சபதம். மூன்று கிழமை நடந்தது. நாலாவது கிழமை ஒரு காலை, பகலில் உருகி இரவில் திரும்ப உறைந்த தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத ஒரு படையாகத் தார் வீதியோடு ஒட்டிக் கிடந்தது. பிளாக் ஐஸ் என்பார்கள். பெயர்தான் கறுப்பு, உண்மையில் அதற்கு நிறமே இல்லை. விழுந்தபோது கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குளிரில் ஓடவே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஹமில்ரனில் மார்ச் கடைசியில் 'அரவுண்ட் த பே' என்ற 30 கிலோமீற்றர் ஓட்டம் நடக்கிறது. 1894இல் தொடங்கியது. பெரிய பெயர் எடுத்த பொஸ்ரன் மரதனைவிட மூன்று வயது மூத்தது. மார்ச்சில் 30 கிலோமீற்றர் ஓட வேண்டியவர்கள் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தானே பயிற்சி எடுக்க வேண்டும்? அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன். சப்பாத்தின் அடியில் இரும்பு முள்ளுப் பட்டி மாட்டுகிறார்கள். உடம்போடு ஒட்டிப் பருத்தி போடுவதில்லை, வியர்வையைக் குடித்து வைத்து நடுங்க வைக்கும் என்று. வெளிக்கிடும்போது கொஞ்சம் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். நான் பருத்தி ரீசேட்டின் மேல் மொத்தமான ஜக்கெற் போட்டு, கோடைகாலச் சப்பாத்தோடு சபதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன்.

மாவுக்கட்டோடு இருந்த ஆறு கிழமையில் நிறையப் படித்தேன். அதில் கிடைத்த ஒன்று என் குளிர்காலத்தையே மாற்றியது. ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் முதற்பாதியில் அடுத்தடுத்து மூன்று பரிசோதனைகள் செய்தார். கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்துக் கிழமை கடுமையாகப் பயிற்சி கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கினார். பதினைந்து கிழமை போன பின்னும், உடல் ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்தும் உச்ச அளவு விழவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு நாட்களை வைத்துக்கொண்டு 40 நிமிடத்தை 13 நிமிடமாக்கினார். அப்போதும் அந்த அளவு நின்றது. மூன்றாவதில் நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை, அதாவது மூச்சு வாங்கும் கடுமையை, மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். விழுந்துவிட்டது.

பதினைந்து கிழமை என்பது டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை. எங்கள் குளிர்காலத்தின் நீளமே அவ்வளவுதான்.

படித்தபோது எனக்கு அப்புவின் நினைவு வந்தது. அவர் வன்னியில் கமம் செய்தவர். அறுவடை முடிந்ததும் முதலில் விதைநெல்லைத்தான் எடுத்து வைப்பார். மழை பொய்த்த வருசத்தில் வீட்டில் ஒரு நேரம் மரவள்ளிக் கிழங்கு அவித்துச் சாப்பிட்டோம். விதைநெல் மூட்டையில் ஒருவரும் கை வைக்கவில்லை. சின்ன மூட்டைதான். ஆனால் பதர் இல்லாத, பொறுக்கின நெல். அளவைக் குறைக்கலாம், தரத்தைக் குறைத்தால் அடுத்த போகம் இல்லை. ஹிக்சனின் ஆய்வை அப்புவுக்குச் சொல்லியிருந்தால், இதற்கு ஏன் மூன்று பரிசோதனை என்று கேட்டிருப்பார்.

ஆக, குளிர்காலத்தில் நான் இப்போது முன்னேற முயல்வதில்லை. வைத்திருக்க முயல்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள், இருபத்தைந்து நிமிடம், ஆனால் அந்த இருபத்தைந்தில் வாய் திறந்து கதைக்க முடியாத அளவு வேகம் சில நிமிடமாவது இருக்கும். நிலம் நல்லதென்றால் வெளியே. இல்லையென்றால் 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக ஸ்காபரோவில் கட்டிய பெரிய மண்டபத்துக்குள்.

அதுவும் முடியாத நாளுக்கு வீட்டுத் தரை இருக்கிறது. இந்தக் கனடாவிலேயே 1950களின் கடைசியில், விமானப்படைக்காக பில் ஓர்பன் என்பவர் 5பிஎக்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தை எழுதினார். வடக்கே பனிக்குள் கிடக்கும் முகாம்களில் ஜிம்மும் இல்லை, கருவிகளும் இல்லை. ஆகவே ஐந்து பயிற்சிகள், நாளுக்குப் பதினொரு நிமிடம், ஓர் ஆள் படுக்கும் இடம். வேறு எதுவும் வேண்டாம். பெண்களுக்குப் பன்னிரண்டு நிமிடத் திட்டம் ஒன்றும் வந்தது. அந்தச் சின்னப் புத்தகம் உலகமெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. அதில் சில அசைவுகள் முதுகுக்கு நல்லதல்ல என்று இப்போது சொல்கிறார்கள், நானும் அவற்றை மாற்றித்தான் செய்கிறேன். ஆனால் பதினொரு நிமிடம் என்ற எண்ணுக்கு எதிராகச் சொல்ல இதுவரை எனக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை.

குளிர் ஒரு பாதி. மற்றப் பாதி கொண்டாட்டம். அதுதான் கடினம்.

எங்கள் ஆட்களுக்கு நவம்பர் கடைசியில் தொடங்குவது தைப்பொங்கலோடும் முடிவதில்லை. கார்த்திகை விளக்கீடு, பழைய மாணவர் சங்க இராப்போசனம், அலுவலகக் கிறிஸ்மஸ் விருந்து, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், புதுவருசம், பொங்கல். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று நாடாளுமன்றமே 2016இல் ஏற்றுக்கொண்டதால் அந்த மாதம் முழுக்க மேடை, மேடைக்குப் பின்னால் சாப்பாடு. சாப்பாடு என்றால் ஏழு மணி என்று அழைப்பிதழில் இருக்கும். பேச்சுகள் முடிந்து கோப்பை கையில் வரப் பத்தரை ஆகும். என் கணிப்பில், மட்டன் ரோல்ஸைவிடப் பெரிய எதிரி அந்தப் பத்தரை மணிதான். பசித்த வயிறு எண்ணிச் சாப்பிடாது. பிந்திப் படுத்த உடம்பு காலையில் எழும்பாது.

வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

"தம்பி, என்ன ஒரு ரோல்ஸோட நிப்பாட்டிப் போட்டீர்? சீனி வருத்தமோ?"

"இல்லை மாமி, காணும்."

"அப்ப இந்தாரும், பயத்தம் பணியாரம். நான் என்ரை கையால சுட்டது."

கையால் சுட்டதை மறுக்க எந்த ஆய்வும் உதவாது. அதனால் ஒரு காலத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு ரோல்ஸுக்கு இத்தனை நிமிட ஓட்டம், ஒரு பணியாரத்துக்கு இத்தனை என்று. அடுத்த நாள் அபராதம் கட்டுவது போல ஓடினேன். அதில் கெட்டுப்போனது இரண்டு: மாமி அன்பாகத் தந்தது கடனாகிவிட்டது, விரும்பி ஓடிய ஓட்டம் தண்டனையாகிவிட்டது. தண்டனையை யார்தான் தொடர்ந்து செய்வார்கள்?

அந்தக் கணக்கே பிழை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி முற்பகுதி வரை 195 பேரை நிறுத்துப் பார்த்தது. சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோகிராம். அரைக் கிலோவும் இல்லை. தாங்கள் அதைவிடப் பல மடங்கு ஏறிவிட்டதாகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். கேட்க ஆறுதல்தான். ஆனால் ஏறிய அந்தக் கொஞ்சம் பின்னர் வந்த மாதங்களில் இறங்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. விருந்து வயிற்றை நிரப்பிய அந்தச் சில கிழமைக்கு நாங்கள் பெரிதாகப் பயப்படுகிறோம். விருந்துக்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்கும் பத்து மாதத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஆய்வில் மட்டன் ரோல்ஸ் இருந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விருந்து நாளில் காலையிலேயே என் இருபத்தைந்து நிமிடத்தை முடித்துவிடுகிறேன். இரவு மாமி தருவதை வாங்கிச் சாப்பிடுகிறேன். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதில்லை.

பனி அள்ளுவதைப் பற்றியும் ஒரு சொல். "அதுவே எக்சசைஸ்தானே" என்பார்கள். மாதக்கணக்காக அசையாமல் இருந்த உடம்பு, இரத்தக் குழாய்கள் சுருங்கும் குளிரில், ஈரப்பனியைச் சவளால் தூக்கினால் அது உடற்பயிற்சி அல்ல. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான தரவுகளைப் பார்த்தவர்கள், பெரும்பனி விழுந்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். இருதய நோயும் சலரோகமும் தென்னாசியர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. அள்ளத்தான் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று அள்ளுங்கள்.

மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு, வெளியே போகப் பயந்து, மோலுக்கு நடக்கப் போனேன். கடைகள் திறக்குமுன்னே நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடும் மோல்கள் இங்கே பல உண்டு. அங்கேதான் அந்த அண்ணையைச் சந்தித்தேன். எழுபது தாண்டியவர். தொப்பி, கையில் சுருட்டிய தமிழ்ப் பத்திரிகை. ஓடுகிறவனுக்குள்ள அகம்பாவத்தோடு என் கதையை, சபதம் முதல் மணிக்கட்டு வரை, சொன்னேன். நடையை நிறுத்தாமலே கேட்டார்.

"தம்பி, நீர் ஓடுறீர், விழுறீர், பிறகு படுக்கிறீர். நான் நடக்கிறன். ஆனியிலும் நடக்கிறன், மார்கழியிலும் நடக்கிறன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

1971இல் இந்த நாட்டில் மக்களை அசைய வைக்க பார்ட்டிசிபக்சன் என்றொரு அமைப்பு தொடங்கியது. 1973இல் அவர்கள் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் போட்டார்கள். முப்பது வயதுக் கனடியரின் உடல்நிலையும் அறுபது வயதுச் சுவீடன்காரரின் உடல்நிலையும் ஒன்று என்றது விளம்பரம். நாடு கொஞ்சம் வெட்கப்பட்டது. சுவீடனிலும் பனிதான், அங்கேயும் மார்கழியில் இருட்டுத்தான். குளிரைச் சாட்டுச் சொல்ல முடியாதபடி ஆளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அண்ணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவீடன்காரர் நினைவுக்கு வருவார்.

இப்போது நாங்கள் ஐந்து பேர். செவ்வாயும் சனியும் எனக்கு ஓட்ட நாள். மற்ற நாட்களில் முடிந்தபோது அவர்களோடு நடக்கிறேன். கிறிஸ்மஸ் அன்று மோல் பூட்டு, அன்றைக்கு வீட்டுத் தரையில் பதினொரு நிமிடம். மறுநாள் பொக்சிங் டே, மலிவு விற்பனைக்கு ஊரே திரளும். அன்றைக்குக் கதவைச் சீக்கிரம் திறப்பார்கள். கூட்டம் வருமுன் நாங்கள் மூன்று சுற்று முடித்துவிடுவோம். வருகிறவர்கள் வரலாம். சப்பாத்து மட்டும் போதும்.