ஜெயந்தியும் மறுநாள் காலையும்

ஏப்ரல் 14 அன்று மும்பைத் தமிழர்களின் காலண்டரில் இரண்டு விசேஷங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒன்று சித்திரைப் பிறப்பு. மாட்டுங்காவின் கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள், செம்பூர் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி இருக்கும். இன்னொன்று பாபாசாகேப் அம்பேத்கரின் பிறந்தநாள். தாராவியின் பல தெருக்களில் இந்த இரண்டாவதுதான் திருநாள். லேபர் கேம்ப் பக்கம் முந்தின இரவே நீலக் கொடி கட்டத் தொடங்கிவிடுவார்கள். லாரியில் ஜெனரேட்டர், அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள், குழந்தைகளின் கன்னத்தில் நீலப் பொடி. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரின் சட்டைத் துணி அதிர்வது கண்ணுக்கே தெரியும்.

இதைப் பார்த்து ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும்: அம்பேத்கர் இதையெல்லாம் விரும்பியிருப்பாரா? கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அந்தப் பதில் சரியானதும்கூட. அவர் விரும்பவில்லை. அப்படி அவரே எழுதியும் கொடுத்திருக்கிறார், அதுவும் சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்கு.

1947 ஏப்ரலில் 'ஜெய்பீம்' என்ற அந்த ஏடு அவருடைய பிறந்தநாளுக்குச் சிறப்பிதழ் போட்டு, அவரிடம் செய்தி கேட்டது. பிற நாடுகளில் தீர்க்கதரிசிகளின் பிறந்தநாளைத்தான் கொண்டாடுகிறார்கள், இந்தியாவில் மட்டுமே அரசியல்வாதிகளுக்கும் அந்த மரியாதை கிடைக்கிறது என்று அவர் வருத்தத்தோடு தொடங்கினார். தன் பிறந்தநாள் கொண்டாடப்படுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். தலைவனிடம் அன்பு வைக்கலாம், மதிப்பும் வைக்கலாம், ஆனால் மனிதனை வழிபடுவது ஜனநாயகத்தைச் சீரழிக்கும் என்பது அவர் கருத்து. பிறகு அறிவுரைக்குப் பதிலாக ஒரு கிரேக்கக் கதையைச் சொன்னார். டெமீட்டர் என்ற தேவதை தாதியாக வேடமிட்டு ஓர் அரண்மனைக்கு வருகிறாள். கைக்குழந்தையைத் தெய்வமாக்க நினைத்து, இரவில் எல்லோரும் உறங்கியபின் அதைத் தணலில் கிடத்துகிறாள். ஒருநாள் தாய் பார்த்துவிடுகிறாள். பதறி ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொள்கிறாள். பிள்ளை கிடைத்தது, தெய்வநிலை கைநழுவிப்போனது. தணலைத் தாங்காமல் உயர்வு இல்லை என்பது அதன் சாரம். பிறந்தநாள் வாழ்த்துக்கு இவ்வளவு கறாரான பதில் வேறு யாரும் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகமே.

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று பேசியபோதும் இதே எண்ணம் வந்தது. மதத்தில் பக்தி ஆன்மாவைக் கரையேற்றலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும்தான் இட்டுச்செல்லும் என்று எச்சரித்தார்.

இவ்வளவு தெளிவாக அவரே சொன்னபின் வாதம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றலாம். முடியவில்லை. இந்த மேற்கோள்களை ஏப்ரல் மாதத்தில் மட்டும் நினைவுக்குக் கொண்டுவருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதே நகரத்தில் பிள்ளையார் பத்து நாளுக்கு மேல் வீற்றிருந்து, மேளதாளத்தோடு கடலுக்குப் போகிறார். தகி ஹண்டி உறியடிக்குத் தெருக்களை அடைத்துவிடுகிறார்கள். அப்போது எரிச்சல்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கொண்டாடுகிறவரின் அறிவையோ தகுதியையோ சந்தேகிப்பதில்லை. நீலக் கொடி ஊர்வலம் வந்தால் மட்டும், படித்த மேதைக்கு இப்படியா மரியாதை செய்வது என்று ஆதங்கப்படுகிறார்கள். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் முதலில் தங்கள் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தெரு என்பது இந்த விஷயத்தில் வெறும் இடமாக இருந்ததில்லை. 1924-இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்காக. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய்ப் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த ஆதிதிராவிடக் குடும்பங்கள் விட்டுவந்த ஊர்களில், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய தெருக்கள் இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தொண்ணூறு அடி ரோட்டின் நடுவில் ஆடிக்கொண்டு போவதை வழிபாடு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. தெருவின் நடுவில் நடப்பதே அங்கே பாதி விழா. காட்கோபர் ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். சிலையை அவமதித்தவன் யாரை அவமதிக்க நினைத்தான் என்பது அந்த நகருக்குப் புரிந்தது.

அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அவருடைய நினைவிடமான தாதர் சைத்யபூமிக்கு வரும் கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விதர்பாவிலிருந்தும் மராட்வாடாவிலிருந்தும் ரயிலேறி வந்து, சிவாஜி பார்க்கில் மண்தரையில் படுத்து எழுந்து, மணிக்கணக்கில் வரிசையில் நின்று வணங்குகிறார்கள். மைதானத்தில் புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்துப் பிள்ளைக்கு ஒரு மெல்லிய புத்தகம் வாங்கிப்போகிற தாயை அங்கே பார்க்கலாம். ஏப்ரலில் ஆடுகிறவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் டிசம்பரில் அந்தப் பக்கம் போனதில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றியும் தாதரில் புகார் உண்டு. சத்தம் இல்லாதபோது நெரிசல் குற்றமாகிவிடுகிறது.

ஆக, வெளியிலிருந்து வரும் ஆட்சேபத்துக்கு நியாயம் குறைவு. ஆனால் விழா எடுப்பவர்கள் தங்களுக்குள் பதில் சொல்ல வேண்டியவை அதோடு தீர்ந்துவிடுவதில்லை.

தலைவர் வேண்டாம் என்று சொன்னார், அதனால் நிறுத்திவிடுவோம் என்பதும் ஒருவகை பக்திதான். அவர் வாக்கை வேதவாக்காக்கி விடுவதை அவரே ஏற்றிருக்க மாட்டார். அவர் என்ன சொன்னார் என்பதோடு என்ன செய்தார் என்றும் பார்க்கலாம். 1943 ஜனவரி 18 அன்று புனாவில் மகாதேவ கோவிந்த ரானடேயின் 101-ஆம் பிறந்தநாள் விழாவுக்கு அவரை அழைத்தார்கள், போனார். பிறந்தநாள் கொண்டாட்டத்தை வெறுப்பவர் இன்னொருவரின் பிறந்தநாள் மேடையில் ஏறினார். ஏறி, பெரிய மனிதர் என்று யாரைச் சொல்வது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். ரானடேயை மதித்தே நிறுத்துப் பார்த்தார். அன்று உயிரோடு இருந்த, மக்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த காந்தியையும் ஜின்னாவையும் அதே தராசில் ஏற்றினார். பத்திரிகைகள் பாய்ந்தன. மேடையில் நிற்பவர் விழா நாயகரைப் பற்றியே ஆராய்ந்து பேசலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம். இன்றைய ஜெயந்தி மேடையில் அம்பேத்கரின் ஒரு முடிவோடு உடன்படாத ஒருவர், பெண்ணாகவோ இளைஞராகவோ, ஐந்து நிமிடம் பேசிவிட்டு மரியாதையோடு இறங்க முடியுமா? முடிகிற மேடையில் எத்தனை மாலை விழுந்தாலும் கெடுதல் இல்லை.

மேடைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து விழா நடத்துவது தென்மாவட்டத்துக் கோயில் கொடையிலிருந்து வந்த பழக்கம், அதில் எல்லோருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. ஃப்ளெக்ஸில் அம்பேத்கரைவிடப் பெரிதாகச் சிரிக்கும் உள்ளூர்ப் பிரமுகர் மொத்தச் செலவையும் ஏற்கும்போது அந்த உரிமை போய்விடுகிறது. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் உள்ளவருக்கு ஒரு நியாயம், பிறகு வந்தவருக்கும் மாடி அறையில் குடியிருப்பவருக்கும் வேறொரு நியாயம் என்று இருக்கிறது. வீடு போகுமோ என்று தெருவே தவிக்கும் காலத்தில், அந்தப் பேச்சு மேடையில் எழாமல் இருப்பதற்கு விலையாகக்கூட நன்கொடை வரலாம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். சட்டம் அவ்வளவோடு நின்றுவிடும். மாட்டுங்காவில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து அறையில், தகரத்தின் அந்தப் பக்கம் கல்லூரித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குச் சாத்த ஜன்னல் இல்லை. அவள் படிப்பதும் பாபாசாகேப் சொன்னதால்தான்.

விழா முடிந்து மறுநாள் விடிகாலையில் தாள், தண்ணீர் பாட்டில், நீலப் பொடி, வெடித்த பட்டாசுக் காகிதம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுகிறவர்கள் யார்? மும்பையின் துப்புரவு வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். முந்தின நாள் அதே ஊர்வலத்தில் நடந்தவர்களாகவும் இருக்கலாம். பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டவர் அம்பேத்கர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் முடிவும் இதே வேலையோடு சேர்ந்தது: அவர் 1968 ஏப்ரலில் மெம்ஃபிஸில் சுடப்பட்டபோது அங்கே போயிருந்தது குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக. அமெரிக்கக் காங்கிரஸ் 1994-இல் கிங் பிறந்தநாள் விடுமுறையைத் தொண்டு நாளாக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பூங்காவுக்குச் சாயம் பூசுவது எளிது, கூலி உயர்வு கேட்டு நிற்பவரின் பக்கத்தில் போய் நிற்பது கடினம். ஜெயந்திக்குத் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி. பரம்பரையாகத் துடைப்பம் பிடித்தவர்களிடம் துடைப்பத்தைச் சேவை என்று விற்கக் கூடாது.

2017 ஏப்ரலில், ஜெயந்திக்குச் சில நாட்கள் முன்பு, மும்பை மாநகராட்சியில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த 2,700 துப்புரவுத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் இழுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்தாலும் ஒப்பந்த முறை ஒழிந்துவிடவில்லை. ஏப்ரல் 14 மேடையில் பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்த ஆகும் அரைமணி நேரத்தை, அடுத்த நாள் அந்தத் தெருவைக் கூட்டப்போகும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் கொடுக்கலாம். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கையுறை எப்போது வந்தது என்று அவர் சொல்லுவார். ஜெயந்திக் குப்பையைப் பற்றிக் கமிட்டிக்காரர்களைத் திட்டவும் செய்வார். மைக்கைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.