அறிந்தும் வாளா இருந்தவர்

குற்றம் செய்தவன் குற்றவாளி. இதில் எவர்க்கும் ஐயமில்லை. குற்றத்திற்குத் துணை நின்றவனும் குற்றவாளியே. ஆனால், குற்றம் நடக்கப்போவதை முன்பே அறிந்து, அதில் பங்கு கொள்ளாமல், அதனால் ஒரு காசும் பெறாமல், தன் கடமையையும் வழுவாது செய்துவிட்டு, அறிந்ததை மட்டும் எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டவனை என்னென்று அழைப்பது? தமிழ் மன்றங்களில் இவ்வினா எழும்போது நாம் கும்பகருணனையும் வீட்டுமரையும் துணைக்கு அழைப்பது வழக்கம். இன்று சற்றே தொலைவு சென்று, அமெரிக்க நாட்டின் ஆட்டக்களம் ஒன்றில் இவ்வினாவை வைத்துப் பார்ப்போம்.

கிரிக்கெட்டே உயிரென வாழும் நம் நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தை அறிந்தோர் சிலரே. பந்தெறிபவர் ஒருவர், மட்டையால் அதனை அடிப்பவர் ஒருவர், அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். இவ்வளவு தெரிந்தால் ஈண்டுப் போதும். அங்கே பெருங்குழுக்கள் இரண்டு கூட்டமைப்புகளாகப் பிரிந்து கோடை முழுதும் மோதும். அந்நாளில் ஒவ்வொன்றிலும் முதலிடம் பெற்ற குழுக்கள் இலையுதிர் காலத்தில் பொருதிய ஆட்டங்களுக்கு உலகத் தொடர் என்று பெயர். தம் நாட்டுக் குழுக்கள் மட்டுமே அன்று ஆடிய ஆட்டத்திற்கு உலகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட பெருமனத்தை நாம் இங்கு ஆராய வேண்டா.

1919ஆம் ஆண்டுப் பருவத்தில் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் குழு 140 ஆட்டங்களில் 88இல் வென்று தன் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது. பந்தெறிவதில் எடி சிகாட் அவ்வாண்டில் 29 வெற்றிகளைத் தேடித்தந்தார். ஜோ ஜாக்சனின் மட்டை நாடறிந்த மட்டை. மூன்றாம் தளத்தைக் காத்தவர் பக் வீவர் என்பவர். அவர் நிற்கும் பக்கம் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட டை காப் போன்ற பெருவீரரே தயங்கினார் என்று சொல்வதுண்டு. சின்சினாட்டி ரெட்ஸ் குழுவை இவர்கள் எளிதில் வெல்வர் என்றே பலரும் எண்ணினர். ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் இவர்கள் தோற்றனர்.

தோற்றது ஆட்டத்தால் அன்று, விலையால். சிக் காண்டில் என்னும் முதல்தளக்காரர் முன்னின்று சூதாடிகளோடு பேரம் பேசினார். நியூயார்க்கின் அன்சோனியா விடுதியில் செப்டம்பர் மாதம் கூட்டம் கூடியது. அக்டோபர் 1ஆம் நாள் தொடரின் முதல் ஆட்டத்தில் சிகாட் எறிந்த பந்து எதிர்க்குழுவின் முதல் மட்டையாளரின் உடல்மீதே பட்டது. பேரம் உறுதி என்பதற்கு அதுவே அடையாளம் என்பர். லெப்டி வில்லியம்ஸ் என்னும் மற்றொரு பந்தெறிவாளர் மூன்று ஆட்டங்களைத் தோற்றுத் தந்தார்.

உரிமையாளர் காமிஸ்கியின் கஞ்சத்தனமே வீரரை இவ்விழிவிற்குத் தள்ளியது என்பது பல காலம் வழங்கிய கதை. பிற்காலத்தில் சம்பளக் கணக்குகளை ஆராய்ந்தோர், அக்குழுவின் ஊதியம் அந்நாளைய குழுக்களின் ஊதியத்தில் உயர்ந்த வரிசையிலேயே இருந்தது எனக் காட்டியுள்ளனர். ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்தவர் தாமாக வேறு குழுவிற்குப் போக இயலாது என்ற கொடுவிதி அக்காலத்தில் இருந்தது உண்மையே. ஆனால் அவ்விதி சின்சினாட்டியின் வீரரையும் கட்டியிருந்தது. ஆதலால் வறுமைக் கதையை நாம் ஒதுக்கிவிடலாம்.

நம் வினாவிற்கு உரியவர் வீவர் ஒருவரே. அவர் அக்கூட்டங்களில் இருந்தார். திட்டம் யாது என்பதைக் காதாரக் கேட்டார். பணம் பெற்றார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. தொடரில் 34 முறை மட்டையெடுத்து 11 முறை தளம் சேரும்படி அடித்தார். களக்காப்பில் ஒரு பிழையும் செய்யவில்லை. தம்மைச் சுற்றிலும் தோல்விக்காக ஆடியவரிடையே வெற்றிக்காக ஆடினார். ஆயின், வாய் திறக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 1920 செப்டம்பரில், சிகாட் சான்றாயத்தின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். எட்டுப் பேர்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. தம்மைத் தனியே விசாரிக்குமாறு வீவர் வேண்டினார், அது நடக்கவில்லை. 1921 ஆகஸ்டு 2ஆம் நாள் நீதிமன்றம் தன் முன் விசாரிக்கப்பட்ட வீரர் அனைவரையும் விடுவித்தது. மறுநாளே, ஆட்டத்தின் தலைமை ஆணையராகப் புதிதாக அமர்ந்திருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸ் எண்மரையும் வாழ்நாள் முழுதும் விலக்கினார். ஆட்டத்தை விற்றவன், விற்க வாக்களித்தவன், விற்பது பற்றிப் பேசும் அவையில் அமர்ந்திருந்தும் தன் குழுவிடம் உடனே சொல்லாதவன் ஆகிய மூவருக்கும் இனி இடமில்லை என்பது அவர் கூற்று. மூன்றாம் வகை வீவருக்காகவே வகுக்கப்பட்டது போலும்!

வீவர் பக்கம் பேசுவது எளிது. நண்பரைக் காட்டிக்கொடுப்பது எந்நாட்டிலும் இழிவாகவே கருதப்படும். மேலும் அவர் யாரிடம் சென்று சொல்வது? தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே வதந்தி காமிஸ்கியின் செவிக்கும் பயிற்றுநர் கிளீசனின் செவிக்கும் எட்டிவிட்டது. சான்று தருவோர்க்குப் பரிசு என்று வெளியே அறிவித்த காமிஸ்கி, அடுத்த ஆண்டும் அதே வீரரில் பெரும்பாலாரை வைத்தே ஆடினார். அறிந்தும் வாளா இருத்தல் குற்றமாயின், அக்குற்றத்தில் உரிமையாளர்க்கும் பங்குண்டு. லாண்டிஸின் நீதி அந்தப் படியேறிச் செல்லவில்லை. கீழே நின்றவன் தலையில் மட்டும் விழுந்த நீதியை முழு நீதி என்று நாம் ஒப்ப இயலாது.

ஆயினும் வீவரைத் தூயவர் என்று சொல்லவும் நம் நா எழவில்லை. கும்பகருணன் அண்ணனுக்காக உயிர் கொடுத்தான்; கொடுக்குமுன் அவன் செய்தது பிழையென்று முகத்திற்கு நேரே சொன்னான். வீவரின் நட்பில் அந்த முற்பாதி வெளிப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றியும், அவர் எழுவர்க்கு மட்டுமா தோழர்? அதே குழுவில் டிக்கி கெர் என்னும் இளைஞர் சூழ்ச்சி அறியாமல் பந்தெறிந்து இரண்டு ஆட்டங்களை வென்று தந்தார். ரே ஷால்க் பந்து பிடித்தார். எடி காலின்ஸ் இரண்டாம் தளத்தில் நின்றார். அவர்கள் உண்மையாகவே வெல்ல முயன்றனர். எழுவரைக் காட்டிக்கொடுக்காத நட்பு இவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னும் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. மூன்றாம் தளத்தில் ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடுவதைக் காணும் மக்கள் இது மெய்யான ஆட்டமே என்று நம்புவர். ஆதலால் வீவரின் நேர்மையான ஆட்டமே வஞ்சகத்திற்குத் திரையாயிற்று.

'என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன்' என்ற சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். அடுத்த மேசையில் கோப்பு திருத்தப்படுவதை அறிந்தும் தன் ஏட்டில் ஓர் எழுத்தும் பிழையாமல் எழுதி வைக்கும் எழுத்தரை அறியாதார் யார்?

அவர் ஏன் சொல்லவில்லை என்பதை நினைக்குந்தோறும், அது அச்சமும் அன்று, நட்பு மட்டுமும் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. முதல் நாள் சொல்லியிருந்தால் செய்தியை மட்டும் சொன்னால் போதும். பத்தாம் நாள் சொல்வதானால் ஒன்பது நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கூட்டத்திற்கு மறுநாள் அவர் வெறும் சாட்சி. தொடர் முடிந்த நாளில் மறைத்தவர். அடுத்த கோடையில் அவர் 1000க்கு 331 என்னும் விழுக்காட்டில் அடித்து, தம் ஆட்டத்தின் உச்சியில் நின்றபோது, வாய் திறந்தால் எழுவரோடு தாமும் வீழ்வார் என்ற நிலை வந்துவிட்டது. மௌனத்திற்கும் வட்டி உண்டு. அது நாள்தோறும் ஏறும். வீவர் ஒரு நாளில் பெரும்பிழை ஒன்றைச் செய்தாரல்லர். ஒவ்வொரு நாளும் சிறு பிழை ஒன்றைச் செய்யாது விடத் தவறினார்.

இவ்வாறு நோக்கின், லாண்டிஸின் தீர்ப்பில் உள்ள பெருங்குறையும் புலப்படும். விற்றவனுக்கும் அறிந்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால், காலம் தாழ்ந்தேனும் வந்து சொல்ல எண்ணுபவன் எதற்காக வருவான்? இந்நுட்பத்தைக் கிரிக்கெட்டு உலகம் பின்னர் ஓரளவு உணர்ந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 2019 அக்டோபரில், சூதாடி ஒருவர் தம்மை அணுகியதைத் தெரிவிக்கத் தவறிய குற்றத்தை வங்கதேச வீரர் சாகிப் அல் ஹசன் ஒப்புக்கொண்டார். பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் அவர்க்கு ஈராண்டுத் தடை விதித்து, அதில் ஓராண்டை நிறுத்தி வைத்தது. தெரிவியாமை குற்றமே; ஆயினும் ஆட்டத்தை விற்றதற்கு நிகரான குற்றமன்று என்ற அளவுகோல் அங்கே இருந்தது. அவர் மீண்டும் ஆட வந்தார்.

வீவர்க்கு அவ்வாய்ப்பு வரவில்லை. 1922இலும் அதன் பின்னரும் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் முறையிட்டார், லாண்டிஸ் மறுத்தார். 1956 சனவரி 31ஆம் நாள், தாம் ஆடிய அதே சிக்காகோ நகரில், 65ஆம் அகவையில் வீவர் இறந்தார்.

2025 மே 13ஆம் நாள், அன்றைய ஆணையர் ராப் மேன்பிரெட், விலக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து இறந்தவர் பெயர்களை நீக்கினார். எண்மர் பெயரும் ஒருங்கே நீங்கின. இறந்துபோனவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனி ஊறு நேராது என்பதே அவர் காட்டிய காரணம். விற்றவர் பெயரும் விற்காதவர் பெயரும் 1921இல் ஒரே வரியில் சேர்க்கப்பட்டது போலவே, 104 ஆண்டுகள் கழித்து ஒரே வரியில் எடுக்கப்பட்டன. தம்மைத் தனியே விசாரிக்கவேண்டும் என்று வீவர் விடுத்த வேண்டுகோளை அப்போதும் எவரும் கையில் எடுக்கவில்லை.