காமிராக் கண்ணும் கண்ணோட்டமும்

'கண்ணோட்டம்' என்னும் சொல் இன்று நோக்குநிலை என்ற பொருளில் வழங்குகிறது. அரசியல் கண்ணோட்டம், அறிவியல் கண்ணோட்டம் என்றெல்லாம் எழுதுகிறோம். வள்ளுவர் ஆண்ட பொருள் வேறு. திருக்குறளின் 58 ஆம் அதிகாரம் அப்பெயர் தாங்கியது. கண்ட அளவிலே கண்டவர்பால் உள்ளம் இரங்கிச் செல்லுதல் என்பதே ஆண்டு அதன் பொருள். கண் ஓடினால் மட்டும் போதாது, கண்ணின் பின்னே நெஞ்சும் ஓடுதல் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். அப்பழம்பொருளை இக்காலத்துப் புதுப்பழக்கம் ஒன்றன்மேல் வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பழக்கம் யாது? நண்பர் இருவர், அல்லது கணவனும் மனைவியும், பேருந்திலோ கப்பலிலோ சன்னலோர இருக்கை பெற்று அமர்கின்றனர். ஒருவர் காமிராவைப் பொருத்துகிறார். மற்றவர் அது சாயாமல் பார்த்துக்கொள்கிறார். குறித்த இடைவெளிக்கு ஒருமுறை கருவி தானே படம் பிடிக்கிறது. பின்னர் அப்படங்களைத் தொடுத்து ஓட்டினால் நெடும்பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இளைஞர்கள் இதனை 'டைம் லாப்ஸ்' என்பர். நாம் காலச்சுருக்கப் படம் எனலாம். தீங்கற்ற பொழுதுபோக்காகவே இது தோன்றுகிறது. ஆயினும் நம் அந்தமான் தீவுகளில் இப்படத்தை எடுக்கப் புகுவோர்முன் அறக்கேள்வி ஒன்று எழுந்து நிற்கிறது.

காலத்தைச் சுருக்கும் கலை

ஊர்தியிலிருந்து படமெடுக்கும் ஆசை திரைப்படத்தோடு உடன்பிறந்தது. லூமியேர் உடன்பிறப்பாளர் பாரிசு நகரில் தம் படங்களைக் கட்டணம் பெற்றுக் காட்டியது 1895 டிசம்பரில். அடுத்த ஆண்டிலேயே அவர்தம் படப்பிடிப்பாளர் ஒருவர் வெனிசு நகரக் கால்வாயில் செல்லும் படகில் கருவியை வைத்து, கரையிலுள்ள மாளிகைகள் நகர்வதுபோலக் காட்டினார். 1910 இல் இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் மொட்டுகள் மலராவதைக் காலச்சுருக்க முறையில் படமாக்கினார். மலர்தல் என்பது மனிதக் கண்ணின் பொறுமைக்கு அடங்காத செயல். அப்பொறுமையைக் கருவி நமக்குக் கடனாகத் தந்தது. இது பெரும்பேறே. கலையின் மேல் நமக்கு வழக்கில்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

இதன் கணக்கு எளிது. ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று வைப்போம். பத்து மணி நேரப் பயணத்தில் 7,200 படங்கள் கிடைக்கும். நொடிக்கு 24 படமாக ஓட்டினால் ஐந்தே நிமிடம். கருவி ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுப்பதற்குள், மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்லும் பேருந்து ஏறத்தாழ 55 மீட்டர் கடந்துவிடும். சாலையோரத்தில் ஒருவர் நின்றால் அவர் ஒரே ஒரு படத்தில் விழுவார்; அன்றி விழாமலே போவார். விழுந்தாலும் திரையில் அவருக்குரிய வாழ்நாள் ஒரு நொடியில் 24 இல் ஒரு பங்கு. இச்சிறு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

முதலும் கருவும் உரியும்

தொல்காப்பியர் பாடற்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக்கினார். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கருப்பொருளாவது அந்நிலத்து உயிர்களும் பொருள்களும் தொழிலும். உரிப்பொருளாவது மாந்தர்தம் அக ஒழுக்கம். பாட்டில் இம்மூன்றனுள்ளும் உரிப்பொருளே சிறந்தது என்பது நம் மரபு.

இவ்வளவுகோலால் காலச்சுருக்கப் படத்தை அளந்து பார்ப்போம். முதற்பொருளை அது வியக்கத்தக்க வகையில் காட்டுகிறது. 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து விடியுமுன் புறப்படும் பேருந்து, இருளும் வைகறையும் எற்பாடும் கடந்து வடக்கே டிக்லிப்பூர் சேர்வதைப் படம் ஒரே மூச்சில் காட்டிவிடும். கருப்பொருளை ஓரளவு காட்டும். மரம் தெரியும், மரத்திலிருந்த பறவை தெரியாது. உரிப்பொருளோ அறவே நழுவிவிடும். ரங்கத்தில் ஏறி, நோயுற்ற தந்தையைத் தலைநகர மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகளின் கவலை எந்தப் படத்திலும் விழாது.

சென்னையிலிருந்து நம் தீவுக்கு வரும் கப்பலையும் எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்க் கடலை அது கடக்கச் சற்றேறக்குறைய மூன்று நாள் ஆகும். பிழைப்புத் தேடி வந்த தமிழரும், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவரும் கடல் கடந்தே இத்தீவுகளை அடைந்தனர். அந்த நெடுநேரம் அவர்கள் வாழ்வின் ஒரு பகுதி. பிரிந்த ஊரை மறக்கவும் சேரும் ஊரை எண்ணவும் அது இடம் தந்தது. அதனைச் சில நிமிடங்களாக்கும்போது அலையும் வானும் அழகாகவே தோன்றும், காத்திருத்தல் மறைந்துவிடும். ஆயினும் இது குறையே ஒழியக் குற்றமாகாது. எக்கலையும் ஒன்றைக் காட்ட மற்றொன்றை விடுவது இயல்பு. குறை குற்றமாக மாறும் இடம் ஒன்று நம் தீவில் உண்டு.

ஜிர்காடாங்கிற்கு அப்பால்

அந்தமான் பெருஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நின்றாக வேண்டும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் துறை வரையுள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்பகத்தை ஒட்டியும் ஊடுருவியும் செல்கிறது. ஊர்திகள் காவலர் துணையுடன் அணிவகுத்தே செல்லும். வழியில் நிறுத்தலாகாது, முந்தலாகாது, 40 கிலோமீட்டர் விரைவைத் தாண்டலாகாது, ஜாரவா மக்களைப் படமெடுக்கலாகாது. அந்தமான் நிக்கோபார்த் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956 இல் பிறந்தது. 2012 இல் செய்த திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

1970களில் இச்சாலைப் பணி நடந்தபோது ஜாரவா மக்கள் அதனை எதிர்த்து நின்றனர். 1997 இன் இறுதியில்தான் அவர்கள் படைக்கலமின்றிக் காட்டைவிட்டு வெளிவரலாயினர். இரண்டே ஆண்டில், 1999 இல், அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. 2002 மே திங்களில் உச்ச நீதிமன்றம் காப்பகத்தின் ஊடே செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு ஆணையிட்டது. ஆயினும் சாலை மூடப்படவில்லை. வட அந்தமானிலும் நடு அந்தமானிலும் வாழும் மக்களுக்கு அதுவே உயிர்நாடி என்பது நிருவாகத்தின் வாதம். அவ்வாதத்தைப் புறந்தள்ளவும் இயலாது. அச்சாலையின் பயனை நுகர்வோருள் தமிழராகிய நாமும் இருக்கிறோம். எனவே இவ்வினா நமக்கு அயலார் வழக்கன்று.

இனி அந்த 50 கிலோமீட்டரிலும் காமிரா ஓடலாமா என்பதே கேள்வி. சட்டத்தின் விடை வெளிப்படை. அறத்தின் விடையைத் தேடும்போது, 'நாங்கள் எவரையும் குறிவைக்கவில்லை. கருவி தானே எடுக்கிறது. விழுந்தால் ஒரு நிழல், அதுவும் கண் சிமிட்டும் அளவு. இதனால் யாருக்கு என்ன தீங்கு?' என்று ஒருசாரார் கேட்பர்.

படமெடுக்கப்பட்டோர் கதை

இக்கேள்விக்கு இத்தீவின் வரலாறே விடை கூறும். தண்டனைக் குடியேற்றத்திற்கு இடம் தேர வந்த குழு ஒன்று, 1858 தொடக்கத்தில் அந்தமானியர் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றது. அவருடைய பெயரைக் கேட்டறியாமல் 'ஜாக்' என்று தாமே ஒரு பெயர் சூட்டினர். ஆடை அணிவித்தனர், படம் எடுத்தனர். அவர் நோயுற்றார். பின்னர் அவரைப் பிடித்த கரைக்கே கொண்டுவந்து விட்டனர். அவர் படம் நிலைத்தது. அவருடைய உண்மைப் பெயரோ நிலைக்கவில்லை.

1890களில் ஆங்கில அதிகாரி போர்ட்மன் அந்தமானியரை நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி, உடலளவுகளைக் குறித்து, படத்தொகுதிகள் பல உருவாக்கினார். அவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவர் அம்மக்களிடம் நெடுங்காலம் பழகியவர். அவர்தம் மொழிகளைக் கற்றவர். அவர்கள் அழிந்து வருவதைக் கண்டு வருந்தி எழுதியவர். எனினும் படங்கள் பெருகிய அதே காலத்தில் மக்கள் குறைந்தனர். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரு அந்தமானியர் 1901 குடிக்கணக்கில் சில நூற்றுவராயினர். இன்றோ ஐம்பது பேரளவில் எஞ்சியுள்ளனர். படம் எடுத்தமையால் மாய்ந்தனர் என்று நாம் கூறவில்லை; நோயும் நிலப்பறிப்புமே காரணம். ஆனால் கண்டோம், பதிந்தோம் என்னும் நிறைவு, காத்தோம் என்னும் நிறைவாக ஆகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே 'ஒரு நிழல்தானே' என்பார்க்கு நம் விடை இதுவாகும். நிழலாக விழுகிறார் என்பதே குறை. ஊர்தியில் செல்வோர் பார்க்கும் உரிமையை எடுத்துக்கொள்கின்றனர். பார்க்கப்படுபவரோ மறுக்கும் உரிமையைப் பெறவில்லை. பேருந்து நிற்காததனால் அவர் கை அசைத்துத் தடுக்கவும் நேரமில்லை. அவர் வாழ்வு காட்டின் பொழுதில் நடப்பது. நம் படமோ அதனை நம் பொழுதுக்குள் அடைக்கிறது. கருவிதான் எடுத்தது என்பதும் நில்லாது. அம்பு தானே பறந்தது என்று வில்லாளி சொல்லலாகுமா? இடைவெளியை வகுத்தவரும் பொத்தானை அழுத்தியவரும் மனிதரே.

எதிர்வாதம்

இதற்கு வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையாகாது. 2012 சனவரியில் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று படக்காட்சி ஒன்றை வெளியிட்டது. ஜாரவாப் பெண்கள் சுற்றுலா வந்தோர்முன் உணவின்பொருட்டு ஆடுமாறு பணிக்கப்பட்டனர் என்பது அதனோடு வந்த செய்தி. நாடு தலைகுனிந்தது. சட்டத் திருத்தம் வந்தது அவ்வாண்டில்தான். 2013 சனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணியர் இச்சாலையில் செல்ல இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சு திங்களில் அத்தடை விலகிற்று. காமிரா இல்லாவிடில் இக்கொடுமை வெளிவந்திருக்குமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை நோக்குதல் வேண்டும். அக்காட்சி பிறந்ததே, படமெடுக்க விரும்பிய கண்கள் அங்கே திரண்டமையால் அன்றோ? நோயைக் காட்டிய கருவி நோயின் காரணங்களுள்ளும் ஒன்றாக நின்றது. தவற்றை வெளிப்படுத்துவதற்காக ஒருவர் சான்று திரட்டுதல் ஒருவகை. அதில் பார்ப்பவர் பார்க்கப்படுபவரின் சார்பில் நிற்கிறார். அழகுக்காக எடுக்கும் பயணப்படம் அந்தச் சலுகையைக் கோர இயலாது. நோக்கம் எதுவாயினும் கருவி ஒன்றே என்பதனால், நோக்கத்தை நெஞ்சோடு வினவிக்கொள்ளும் பொறுப்பு நமக்கு மிகுகிறது.

துணையின் கடமை

இங்கேதான் உடன் வரும் துணை இன்றியமையாதவராகிறார். காமிராவின் சாளரம் வழியே பார்ப்பவருக்குச் சட்டகத்தில் உள்ளதே உலகம். வெளியே உள்ளதைக் காண்பவர் பக்கத்தில் இருப்பவர். முன்னிருக்கைப் பெரியவர் முகம் சுளிப்பதையும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் முந்தானையை இழுத்துக்கொள்வதையும் அவரே காண்கிறார். நட்பின் இயல்பு நகையாடலோடு நிற்பதன்று என்றும், நெறி தவறும்போது முன்சென்று இடித்துரைத்தலே அதன் பயன் என்றும் வள்ளுவர் வகுத்தார். கருவி சாயாமல் பிடிப்பது துணையின் சிறுபணி. 'இங்கே நிறுத்து' என்று சொல்வதே பெரும்பணி.

இது ஜிர்காடாங்கிற்கு மட்டும் உரிய நெறியன்று. பேருந்தும் கப்பலும் பொது ஊர்திகள். பொது என்பதற்கு எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் கொள்வோர் பலர். எல்லாரும் ஒருவரையொருவர் காக்க வேண்டும் என்பதும் அச்சொல்லின் பொருளே. உடன் பயணம் செய்வோர் மறுக்க வல்லவர். ஆதலின் அவரைக் கேட்டு எடுக்கலாம். சன்னலை வானுக்கும் கடலுக்கும் திருப்பி எடுக்கலாம். ஜாரவா மக்களோ அம்மறுப்பைச் சொல்லும் இடத்தில் இல்லை. கேட்க இயலாதபோது எடாமையே நெறி.

இருண்ட 37 நொடிகள்

அவ்வாறாயின் படம் அறுபட்டுப் போகாதா என்று கலைஞர் வினவுவர். போகும். 50 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் விரைவில் கடக்க 75 நிமிடம் ஆகும். நம் கணக்கின்படி அது 900 படங்கள். திரையில் சற்றேறக்குறைய 37 நொடிகள். ஜிர்காடாங்கில் காமிராவை மூடிப் பைக்குள் வைத்து, மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் பேருந்து பெரும்படகில் ஏறியபின் மீண்டும் திறந்தால், ஐந்து நிமிடப் படத்தில் அந்த 37 நொடி குறையும். ஒட்டுப் போட்டு அவ்விடைவெளியை மறைத்துவிடலாம். மறைத்தால், காடே இல்லை, அதில் வாழ்வோரும் இல்லை என்று படம் பொய் சொல்லும். ஆதலின் மறைக்காமல், அந்த 37 நொடியும் திரையை இருட்டாகவே விடுதல் தகும் என்பது நம் துணிபு. காண்போர் 'ஏன் இருள்?' என்று கேட்பர். இங்கே சிலர் வாழ்கின்றனர், அவர்களை நாம் பார்க்கவில்லை என்பதே விடை.

பார்க்கவல்லவர் பாராதிருத்தலும் ஒரு பார்வையே. அந்த 75 நிமிடமும் கருவி பைக்குள் உறங்க, அருகருகே அமர்ந்த இருவரும் காட்டின் இருமருங்கிலும் தம்மினும் முன்னர் வந்தவர் உளர் என்பதை எண்ணியிருத்தல் வேண்டும். அவ்வெண்ணத்தையே நம் முன்னோர் கண்ணோட்டம் என்றனர். பிழைக்க வந்த நமக்கு இடம் தந்த இத்தீவுக்கு நாம் செலுத்தத்தக்க சிறு கடனும் அதுவே.