உரிமத்தைப் பறிப்பது தண்டனை இல்லையா?

கலிஃபோர்னியாவில் கட்டட கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் வழங்கும் வாரியம் 1929இல் உருவானது. வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் வாரியம் விசாரிக்கிறது. விஷயம் பெரிதென்றால் பதிவாளர் பெயரில் குற்றச்சாட்டு தாக்கலாகிறது. 15 நாளுக்குள் கான்ட்ராக்டர் எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டும். தனி அலுவலகத்தைச் சேர்ந்த நிர்வாகச் சட்ட நீதிபதி இரு தரப்பையும் கேட்டு எழுதுவதுகூட ஒரு பரிந்துரைதான். பதிவாளர் அதை ஏற்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், ஒதுக்கிவிட்டுத் தானே முடிவெழுதலாம். உரிமத்தைப் பறிப்பது தண்டனை அல்ல, பொதுமக்களுக்கான பாதுகாப்பு என்று அங்குள்ள நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. எனக்குச் சந்தேகம் அந்த வாக்கியத்தின் மீதுதான்.

தண்டனை என்றால் ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். பாதுகாப்பு என்று பெயர் மாறியதும் அந்தக் கண்டிப்பு தளர்கிறது, அதுவும் எல்லோருக்கும் அல்ல. மருத்துவரின் உரிமத்தில் கைவைக்கத் தெளிவான, உறுதியான சான்று தேவை என்று 1982இல் எட்டிங்கர் வழக்கில் தீர்ப்பானது. கட்டட கான்ட்ராக்டருக்கு அவ்வளவு வேண்டாம், எந்தப் பக்கம் சற்றே சாய்கிறதோ அதுவே போதும் என்றது 2009இல் ஓவன் எதிர் சாண்ட்ஸ் தீர்ப்பு. அந்த வழக்கு உரிமப் பறிப்பு பற்றியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2011இல் ஒரு வாகனப் பழுதுபார்ப்பு நிறுவனத்தின் உரிமம் பறிபோனபோதும் அதே அளவுகோல்தான். மருத்துவருக்கு நீண்ட படிப்பும் கடினமான தேர்வும் உண்டு, இவர்களுக்கு அப்படியில்லை என்பது காரணம். கான்ட்ராக்டர் உரிமத்துக்கு 4 ஆண்டு அனுபவம் வேண்டும், தேர்வும் உண்டு. சாந்துக் கரண்டியோடு கழிந்த வருடங்கள் படிப்புக் கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான். ஏட்டுப் படிப்பை மேலேயும் கைத்தொழிலைக் கீழேயும் வைக்கும் இந்தப் பழக்கத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ் பதித்து ஒரு வருடத்தில் கீழ்த்தளக் கூரையில் ஈரம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு சரியில்லை என்கிறார் வீட்டுக்காரர். பிறகு வந்த பிளம்பர் வடிகால் குழாயை மாற்றும்போது பூச்சைக் கிழித்துவிட்டார் என்கிறார் கான்ட்ராக்டர். வாரியத்தின் நிபுணர் வரும்போது தளம் பெயர்க்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவை சில புகைப்படங்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று சொல்வது ஊகத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. அப்படிப் போன உரிமம் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குத் திரும்பாது. அதுவரை வேலை செய்தால் கூலிக்காக வழக்குப் போடக்கூட முடியாது. இழப்பவருக்கு இது தண்டனைதான். அரசின் நோக்கம் வேறு என்பதால் இழப்பின் எடை குறைந்துவிடாது. ஆதாரத்தின் கனம் அந்த எடைக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரும் சேமிப்பை இழந்தவர்தானே, அடுத்த வீட்டை யார் காப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அளவுகோலை உயர்த்தினால் வாரியம் கைகட்டி நிற்க வேண்டும் என்றில்லை. அபராதம், பழுதைச் சரிசெய்யும் உத்தரவு, பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவு, நிபந்தனையோடு கூடிய கண்காணிப்புக் காலம் எல்லாம் அதன் கையில் உண்டு. இவற்றுக்குச் சாய்வு போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உரிமத்தையே பறிக்கும்போது மட்டும் மருத்துவருக்குக் கேட்பதையே இவருக்கும் கேட்கட்டும்.

மேல்முறையீடு இருக்கிறதே என்பது இன்னொரு பதில். இருக்கிறது, மேல்நிலை நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் பழைய பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள், புதிய சாட்சிக்கு இடம் அரிது. நிர்வாகம் கண்டறிந்தது சரியே என்ற வலுவான அனுமானத்தோடுதான் தொடங்குவார்கள் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் ஃபுகுடா வழக்கில் சொல்லிவிட்டது. முதல் விசாரணையில் மெலிதான ஆதாரத்தில் எழுதப்பட்டது, மேலே போகும்போது அந்த அனுமானத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறது.