நோயும் பொறுப்பும்

ஒருவன் இன்னொருவனைத் தாக்கிக் காயப்படுத்தினால், குற்றவாளி யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. அடியும் காயமும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஆனால், ஏழு வயதிற் பட்ட அடியின் காயம் முப்பது வயதில் வெளிப்படுமாயின் அதற்கு யாரைப் பொறுப்பாக்குவது? காலம் நீளும்போது பொறுப்பும் தேய்ந்துவிடுமா? இதனை வெறும் தருக்க விளையாட்டு எனத் தள்ளிவிட முடியாது. மூட்டுவாதக் காய்ச்சல் என்னும் நோய் இவ்வினாவை நம்முன் நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே இந்நோய் பற்றுகிறது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியாற் தொண்டையில் அழற்சி உண்டாகிறது. அது தணிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றல், சில பிள்ளைகளில் அவ்வுடலையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டுகள் வீங்குகின்றன, காய்ச்சல் எரிக்கிறது. சில வாரங்களில் மூட்டுகள் பழைய நிலையை அடைகின்றன. நோய் போய்விட்டதென்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆயின் இதய வால்வுகளில் விழுந்த வடு பலருக்கு ஆறுவதில்லை. காய்ச்சல் மீண்டும் வருந்தோறும் அது பெருகுகிறது. வால்வு தடித்துச் சுருங்குகிறது. பத்து இருபது ஆண்டுகளின் பின், மேட்டில் ஏறுகையில் மூச்சுத் திணறும் தொழிலாளியாகவும், முதற் பிள்ளையைச் சுமக்கையில் இதயம் தளரும் இளந்தாயாகவும், பக்கவாதத்தில் வீழும் நடுவயதினராகவும் அப்பிள்ளைகளை நாம் மீண்டும் சந்திக்கிறோம். இன்று உலகில் 4 கோடிக்கு மேற்பட்டோர் இவ்விதய நோயுடன் வாழ்கின்றனர்.

இந்நிலையைக் கண்டு ‘முற்பிறப்பின் வினை’ என்போர் நம்மிடையே உளர். உண்மையில் வினை விளைந்தது முற்பிறப்பில் அன்று, இப்பிறப்பின் முற்பருவத்தில். காரணமும் கண்ணுக்குப் புலப்படாததன்று. நெருக்கமான இல்லங்களில், ஒரே பாயிற் பலர் படுத்துறங்கும் அறைகளில், அக்கிருமி எளிதிற் பரவுகிறது. லயன் அறைகளையும் கொழும்பின் முடுக்குகளையும் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வருமுன்னரே, வாழ்க்கை நிலை உயர்ந்த ஐரோப்பிய நாடுகளில் மூட்டுவாதக் காய்ச்சல் குறையத் தொடங்கியிருந்தது. மருந்துக்கு முன்பே வீடும் உணவும் வேலை செய்தன என்பதே இதன் பொருள்.

பெற்றோரின் கவனக்குறைவே காரணம் எனச் சிலர் கூறுவர். தொண்டை நோவைப் பொருட்படுத்தாதிருத்தல் தவறே. ஆனால் நோயைத் தடுக்க, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஊசி போடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, நலமாகத் தோன்றும் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயிடம் நாம் எதிர்பார்ப்பது சாதாரணக் கவனத்தையன்று; தவத்தை. தனிமனிதரின் தவத்தில் மட்டும் தங்கியிருக்கும் சுகாதாரம் நீதியான சுகாதாரம் ஆகாது.

வேறு வழி உண்டு என்பதைக் கியூபா காட்டியது. அங்கே பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை, நோயாளரைப் பதிவுசெய்து, ஊசி தவறாது கிடைக்கச்செய்து, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நோயைப்பற்றி அறிவூட்டி, ஒரு திட்டம் நடத்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளில் இவ்விதய நோய் 1000 பேருக்கு 2.27 என்ற நிலையிலிருந்து 0.24 ஆகக் குறைந்தது. அங்கே கையாளப்பட்டது புதிய மருந்தன்று. 1950களிலேயே உலகம் பெற்றிருந்த மலிவான பெனிசிலின்தான். ஆயினும், இந்நோயை ஒழிப்பதற்கான தீர்மானத்தை உலக சுகாதார மாநாடு நிறைவேற்றியது 2018 இலேயே. அத்தீர்மானத்துக்கு முந்திய பல பத்தாண்டுகளில் இறந்தோர்க்கு எவரும் கணக்குக் கொடுக்கவில்லை.

செய்த செயலுக்கு மட்டுமே மனிதன் பொறுப்பாளி என்பது குறுகிய அறம். தடுக்கக்கூடியதைத் தடுக்காது விடுவதும் செயலே. அதன் விளைவு இருபது ஆண்டுகள் கழித்து வருவதால் குற்றம் குறைவதில்லை. குற்றவாளி தப்பித்துக்கொள்வது மட்டுமே எளிதாகிறது. வாக்குப் பெறுவோரின் பார்வை ஐந்தாண்டுகளோடு முடிவடைகிறது. வால்வின் வடுவோ ஒரு வாழ்நாள் நீள்கிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேதான் ஏழையின் பிள்ளை வீழ்கிறது. நாளைய மனிதனின் உடலை இன்றைய வகுப்பறையிற் காணும் ஆசிரியர்கள், மௌனம் சாதிக்கும் உரிமையை இழந்தவர்கள். தொண்டை நோவோடு வரும் மாணவனை மருத்துவரிடம் அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. அவன் உறங்கும் அறையின் அளவைப்பற்றிக் கேள்வி கேட்பதும் கல்விப் பணியே.