பகடையும் பிறப்பும்
1977ல் அமெரிக்காவில் வந்த விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டு 'டிராவலர்'. ஆளை உருவாக்கும்போதே பலம், அறிவு, படிப்பு என ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். சமூக அந்தஸ்துக்கும்தான். 12 விழுந்தால் பிரபு. 9 விழுந்தாலே விண்கப்பற்படையில் அதிகாரியாக ஒரு புள்ளி சலுகை. (இதை யாரும் இடஒதுக்கீடுன்னு திட்டுறதில்ல.)

ஆனா ஒண்ணு, அங்கே அது வெறும் பகடைன்னு எல்லாருக்கும் தெரியும். போன ஜென்மத்துப் பாவம்னு எவனும் கதைவிடறதில்ல. பிறப்பு அங்கே முடிந்துபோன கணக்குமில்லை. கேப்டன் ஆனால் அந்தஸ்து ஒரு புள்ளி ஏறும்.

அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். எத்தனை புள்ளி ஏறியது? மகன் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோய்த் தனியாக உட்கார வேண்டியிருந்தது. தாகமெடுத்தாலும் குழாயைத் தானே தொட முடியாது.