மருந்து என்கிற சொல்

கெடா தோட்டங்களில் யாரும் நஞ்சு அடித்ததில்லை. மருந்துதான் அடித்தார்கள். ‘அம்மா எங்கடா?’ என்று கேட்டால் ‘மருந்தடிக்கப் போயிருக்கு’ என்போம். அதையே மலாய்க்காரர்கள் ‘ராச்சுன்’ என்பார்கள். நஞ்சு என்று பொருள். (கொசுவத்தியை மட்டும் அவர்களும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்குள் வரும் நஞ்சுக்கு எல்லா மொழியும் கொஞ்சம் இளகிவிடுகிறது.) நஞ்சடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் தினமும் விடியலில் கிளம்ப முடியாது என்பதால்தான் நமக்கு அது மருந்தானதோ என்னவோ.

இப்போது ‘இயற்கை’ என்ற சொல்லும் அதே வேலையைச் செய்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, சவர்க்காரம் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது. வெயிலில் சில நாளில் சிதைந்தும்விடும்.

ஆனால் தூபாவும் செடிதான். நம் மண்ணிலேயே வளரும் கொடி. வேரை நசுக்கி ஆற்றில் கலக்கினால் மீன்கள் மயங்கி மிதக்கும். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அதைப் பூச்சிக்கு அடித்தார்கள். 1930களில் அந்த வேர் மலாயாவிலிருந்து கப்பலேறியது, அதிலுள்ள ரோட்டினோனுக்காக. உயிரணு சக்தியை உண்டாக்குவதையே தடுக்கும் பொருள் அது. அதுவும் வெயிலில் சிதைவதுதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அதைப் பயன்படுத்திய அமெரிக்க விவசாயிகளுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது. அதே ஆய்வில் ஏறக்குறைய அதே அளவுக்கு மாட்டிக்கொண்ட இன்னொன்று பாராகுவாட். ஒன்று வேரிலிருந்து வந்தது, மற்றது ஆலையிலிருந்து.

பாராகுவாட் நம் பெண்கள் முதுகில் சுமந்து புல்லுக்கு அடித்தது. 2002இல் தெனாகனித்தா தோட்டப் பெண்களின் பாதிப்பை ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1இல். இடையில் 18 வருஷம். தெரியாமல் போன வருஷங்கள் இல்லை அவை.

வேம்பையும் தூபாவையும் நான் ஒன்றாக்கவில்லை. வேம்பு எவ்வளவோ தேவலாம். ஆனால் சீக்கிரம் சிதைவதை மறுபடி மறுபடி அடிக்க வேண்டும். அந்த நடை யாருடையது? கையுறை யார் கொடுப்பது? ‘எனக்கு முடியல, இன்னைக்கு அடிக்க மாட்டேன்’ என்று சொன்னால் அன்றைய சம்பளம் என்னாகும்? செடியா ரசாயனமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பம்பைச் சுமக்காதவர்கள். நானும்தான்.

இன்று பாடாங் செராய், பீடோங் பக்கம் செம்பனைக்குள் பம்போடு போகிறவர்களில் பலர் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். ஊருக்கு போன் பேசும்போது, தாங்கள் அடிப்பதை வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.